நிஷாந்தியின் படகுத்துறை

நிஷாந்தியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தாலே எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அவள் மேல் அல்ல. அவள் மேல் கோபப்படுகிறவன் மனுஷனே இல்லை. அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினானே அந்த கேம் கம்பெனிக்காரன், அவன் மேல். அவன் முகம் எனக்குத் தெரியாது, ஊரும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வந்திருப்பேன். "அஸ்பியா வாய்க்குப் பயந்துதான் ஜாபர் சாதிக் சவூதிக்கே ஓடினான்" என்று என் வீட்டுக்காரரைப் பற்றி மண்டபத்தில் ஒரு பேச்சு உண்டு. பேசிவிட்டுப் போகட்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நிஷாந்திக்கு அந்த வாய் மட்டும் இல்லை.

மண்டபம் முகாம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. மூன்று கம்ப்யூட்டர் ஓடுகிறது; உப்புக்காற்றுக்கு கீபோர்டுதான் அடிக்கடி செத்துப்போகும். நிஷாந்தி என்னிடம் டைப்பிங் வேலைக்கு வந்து வருஷக்கணக்காகிறது. முப்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை, அகதி முகாமில் தனியாக ஒரு வீடு. அவளுடைய தாய் தகப்பன் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். இவள் பிறந்ததோ இராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில். இலங்கையை அவள் டிவியில்தான் பார்த்திருக்கிறாள்.

ஆனாலும் கேட்டால் "நான் ஸ்ரீலங்கா" என்பாள். முகாமில் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததுமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். யாராவது பெயர் கேட்டால் இதைச் சொல், அப்பா பெயர் கேட்டால் இதைச் சொல், நாடு கேட்டால் இலங்கை என்று சொல். மாற்றிச் சொன்னால் கேஸாகிவிடும். எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் இந்தியா என்று எழுதிக்கொடுத்து ஏதோ ஒரு அட்டை வாங்கி, பிறகு கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் அலைந்த கதை அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. அதனால் 'நாடு' என்கிற கட்டம் வந்தால் போதும், அவர்கள் கை தானாக இலங்கை என்று எழுதிவிடும். உண்மையை எழுதினால் தப்பு வராது என்று அவளுக்கு நம்பிக்கை.

அவளுக்கு ஒரே ஒரு தம்பி, ஜீவிதன். பத்தொன்பது வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கள்ளத்தனமாகப் படகேறிப் போனவன். போய்ச் சேர்ந்துவிட்டான். ஆனால் அங்கேயும் அவனுக்கு முழு அனுமதி கிடைக்கவில்லை. வேலை செய்யலாம், வெளியே போனால் திரும்பி வர முடியாது. அப்படி இருக்கும்போதுதான் இங்கே தாய் மவுத்தானாள். அவனால் வர முடியவில்லை. எரிக்கிற இடத்தில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடிக்க, அவன் அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்தான். அந்த வாரமே நிஷாந்தியிடம் சொன்னானாம்: "இந்தப் போனிலதான் அம்மாவ எரிக்கிறதப் பாத்தனான். இனி என்னால போன் எடுக்கேலாது அக்கா." சொன்னபடியே எடுக்கவில்லை. பிறகு நம்பரையும் மாற்றிவிட்டான். ஊர்க்காரர் யார் தேடினாலும் அவன் அகப்படுவதில்லை. எந்த ஊரில் எந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறான் என்பதுகூடத் தெரியாது.

அரை வருஷம் கழித்து அவனிடமிருந்து அவளுக்கு ஒரு மெயில் வந்தது. அதில் அவன் காசு கட்டி வாங்கிய ஒரு கேமை இறக்குவதற்கான ரகசிய எண்ணும் ஒரே ஒரு வரியும் இருந்தன. 'அக்கா, இதை இறக்கி விளையாடு.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மெயில் முகவரியும் செத்துப்போனது.

கேமின் பெயர் சால்ட் ஹார்பர். ஆளுக்கு ஒரு படகுத்துறை. அதில் படகு கட்டலாம், சரக்கு ஏற்றலாம், கடலோடலாம். ஆளில்லாத துறையை மற்றவர்கள் வந்து கொள்ளையடிக்கலாம், அதனால் காவலும் காக்க வேண்டும். என் கடையின் மூலைக் கம்ப்யூட்டரில்தான் அதை இறக்கினாள். கணக்கு தொடங்கும்போது நாடு எது என்று கேட்டது. கை வழக்கம்போல இலங்கையைத் தட்டியது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்; எனக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அதிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடையில் ஆள் வராத நேரத்தில், அவள் மூலைக்குப் போய்விடுவாள். அந்த நேரத்துக்கு அங்கே அவன் வேலை முடிந்து வந்திருப்பான். அவனுடைய நீலப் படகு அவள் துறைக்கு வந்து நிற்கும். இருவரும் சேர்ந்து மூட்டை ஏற்றுவார்கள், பாயைத் தைப்பார்கள், கடலோடுவார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டான். எழுதிப் பேசுகிற வசதியை அவன் தொடக்கத்திலேயே மூடி வைத்திருந்தான். இவள் எழுதினாலும் அவனுக்குப் போகாது. ஆனால் இவள் படகில் ஓட்டை விழுந்தால் ஓடி வந்து அடைப்பான். இவள் வர ஒரு நாள் தாமதமானால் துறையைச் சுற்றிச் சுற்றி வருவான். அதைப் பார்த்துவிட்டு அவள் சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, அந்த முகாமில் அவ்வளவு நிறைவான சிரிப்பை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

"என்னத்தடி இது, ரெண்டு பேரும் ஊமைப் படம் ஓட்டுறீக?" என்று கேட்பேன்.

"அவன் நல்லா இருக்கிறான் அக்கா. இண்டைக்குப் படகு ஓட்டினதிலயே தெரியுது" என்பாள்.

முகாமைவிட்டு ஒரு இரவு வெளியூரில் தங்கவேண்டும் என்றாலும் அனுமதி கேட்கவேண்டிய பெண் அவள். பரமக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமானாலும் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போவாள். அப்படிப்பட்டவள் தினம் மத்தியானம் தம்பியோடு கடலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்விட்டு வந்தாள். வருஷங்கள் அப்படியே நல்லபடியாகப் போயின.

போன மாசிக்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. அந்தக் கம்பெனி புதிதாக ஒரு லாஞ்சர் கொண்டுவந்தது. லாஞ்சர் என்றால் வேறொன்றும் இல்லை, வாசல்காரன். நேற்றுவரை நேராக உள்ளே போன கேமுக்கு இன்று முதல் வாசலில் ஒருவன். அவனிடம் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, பழைய கணக்கை அதோடு கட்டினால்தான் உள்ளே விடுவான். விளையாடுகிறவர்களின் பாதுகாப்புக்காகவாம்! அட பாவிகளா, இத்தனை வருஷம் எந்தத் திருடன் வந்து இவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்? காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு, வாங்கியபிறகு பூட்டுப் போடுகிற வியாபாரத்தை இங்கேதான் பார்த்தேன். கீழக்கரை பஜாரில் எவனாவது இப்படிச் செய்தால் அவன் கடையில் மறுநாள் ஈ கூட உட்காராது.

லாஞ்சரில் நாடுகளின் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே தேடினாள். இலங்கை இல்லை. அந்த நாட்டில் அவர்கள் இன்னும் கடை திறக்கவில்லையாம்.

"இந்தியான்னு போடு புள்ள. இங்கனதானே உக்காந்திருக்க?" என்றேன்.

"பழைய கணக்கில இலங்கை எண்டு கிடக்கு அக்கா. இதில இந்தியா எண்டு போட்டா பொய்யாயிடும். பொய் சொன்னா கணக்கை நிரந்தரமா மூடுவம் எண்டு கீழ எழுதி வச்சிருக்கிறான்."

"அடியே, இது கேம்டி! கலெக்டர் ஆபீஸா?"

அவள் கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் இந்தியா என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கம்பெனிக்கு மனு எழுதினாள். மனு! முகாமில் எந்தக் காரியத்துக்கும் எழுதுவார்களே, அதே மாதிரி. மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு என்று தொடங்கி, தன் பெயர், தகப்பன் பெயர், முகாம் பதிவு எண், குடும்ப அட்டை எண், தான் இந்தியாவில் பிறந்து இந்தியாவிலேயே வசித்துவரும் இலங்கை நாட்டவர் என்ற விவரம், இந்த நாட்டைவிட்டு எங்கும் போனதில்லை என்ற உறுதிமொழி எல்லாவற்றையும் நல்ல இங்கிலீஷில் எழுதி, தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டு அனுப்பிவைத்தாள். படித்துப் பார்த்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பதில் உடனே வந்தது. ஹென்றி என்று ஒருவன் எழுதியிருந்தான். அவன் ஆளா மிஷினா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எங்களைத் தொடர்புகொண்டதற்கு மகிழ்ச்சி என்று தொடங்கினான். கணக்கில் உள்ள நாடும் நீங்கள் வசிக்கும் நாடும் ஒத்துப்போகவில்லை, உங்கள் பாதுகாப்புக்காகக் கணக்கை நிறுத்தி வைக்கிறோம், உங்கள் நாட்டுக்குத் திரும்பிய பிறகு அங்கிருந்து எங்களைத் தொடர்புகொள்ளுங்கள் என்று முடித்திருந்தான்.

நிஷாந்தி அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசி வரியில் நிறுத்திவிட்டாள்.

"திரும்பிப் போகச் சொல்லுறான் அக்கா" என்றாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கே திரும்புவாள்? பெரியாஸ்பத்திரிக்கா? அப்படியே கப்பலேறி அந்தக் கரைக்குப் போனாலும் அங்கே இந்த வாசல்காரனே கிடையாது. இங்கே இருந்தால் நீ அந்த ஊர்க்காரி, அங்கே போனால் உன் ஊரே எங்கள் பட்டியலில் இல்லை. நானும் எழுதினேன், கெட்ட வார்த்தை மட்டும் இல்லாமல் மற்ற எல்லாம் போட்டு. ஹென்றி எனக்கும் மகிழ்ச்சி தெரிவித்தான். ஐந்தாறு தடவை எழுதியபிறகு, இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று வந்தது. யார் முடித்தது, எதை முடித்தது, ஒன்றும் தெரியாது.

அந்த நாட்களில் அவள் சாப்பிட்டதே இல்லை. டிபன் பாக்ஸைத் திறப்பாள், மூடுவாள். "சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டுப் போனன் எண்டு நினைப்பான் அக்கா. அம்மா போனா, இப்ப நானும் போயிட்டன் எண்டு நினைப்பான். அவன் அங்க தனியா இருக்கிறான். எனக்குப் பயமாக் கிடக்கு" என்று ஒரு நாள் ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பேப்பரை வாங்காமலேயே பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

கடைசியில் நான்தான் இன்னொரு வழி சொன்னேன். என் கார்டில் அந்த கேமை இன்னொரு தடவை வாங்கி, புதிதாக ஒரு கணக்கு தொடங்கச் சொன்னேன். இந்தத் தடவை அது நாட்டையே கேட்கவில்லை. இணையம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு இந்தியா என்று தானே போட்டுக்கொண்டது. நிஷாந்தி பதறிவிட்டாள்.

"நான் போடேல்ல அக்கா, அதுவா போட்டது. நீங்கதான் சாட்சி" என்று சொல்லி, நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்குத் திரையை அப்படியே பிரிண்ட் வேறு எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் புதுக் கணக்கு அரைக் கணக்கு. படகு ஓட்டலாம், அவ்வளவுதான். பெயர்கூட லாஞ்சரே வைத்தது, ஏதோ ஒரு எண். பெயரை மாற்ற, ஒருவரை நண்பராகச் சேர்க்க, யாரோடாவது சேர்ந்து வேலை செய்ய எல்லாவற்றுக்கும் இந்தியர் என்று காட்டுகிற அட்டையைக் காட்டி, கேமராவில் முகத்தையும் காட்ட வேண்டும்.

"என் பாஸ்போர்ட்டக் காட்டுவோம். மூஞ்சியையும் நான் காட்டுறேன். பொறவு நீ விளையாடு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அக்கா. உங்கட பேரில நான் போனா தம்பி என்னைக் கண்டுபிடிக்க மாட்டான். பொலிஸ் கண்டுபிடிக்கும்."

நான் விடுவேனா? அவளுக்கு வேண்டாமென்றால் போகிறது, எனக்கு எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ள உரிமை உண்டே என்று, என் பெயரில், என் பாஸ்போர்ட்டில், என் முகத்தைக் காட்டி நானே சேர்ந்தேன். நிஷாந்தி என்று பெயர் வைக்கப் பார்த்தால், முடக்கப்பட்ட கணக்கின் பெயரை வைக்கக் கூடாது என்றான். சரி என்று 'மண்டபம் அஸ்பியா' என்று வைத்து, ஜீவிதனுக்கு நண்பர் விண்ணப்பம் அனுப்பினேன். மண்டபம் என்று பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். அவனுக்குப் புரிந்தது வேறு. ஊர்க்காரர் யாரோ மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள் என்று, பார்த்த மாத்திரத்தில் என்னைத் தடுத்துவிட்டான். அதோடு நண்பர் விண்ணப்பம் வருகிற வழியையே மூடிவிட்டான். நல்லது செய்யப்போய் கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்த கதையாகிவிட்டது.

அன்று இரவு சவூதிக்குப் போன் போட்டு வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள பாவம்தான். என் பாஸ்போர்ட்டும் முதலாளிகிட்டதான் இருக்கு, நான் யாருக்கு மனு எழுத?" என்றார். அந்த மனுஷனிடம் அதற்குமேல் என்னத்தைப் பேச?

மறுநாள் மத்தியானம் நிஷாந்தி அந்த எண் பெயரோடு படகை எடுத்துக்கொண்டு தன் பழைய துறைக்குப் போனாள். நானும் பின்னால் நின்றேன். துறை அப்படியே இருந்தது. விளக்குகள் எரிந்தன. வாசலில் 'உரிமையாளர் இல்லை' என்று ஒரு பலகை. துறைக்கு முன்னால் அவனுடைய நீலப் படகு.

"இருக்கிறான் அக்கா! இருக்கிறான்!" என்று அவள் கத்தினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அவள் படகை நெருக்கிக்கொண்டு போனாள். நீலப் படகு திரும்பியது. நேராக இவளைப் பார்த்து வந்தது. பக்கத்தில் வந்ததும் பீரங்கியால் சுட்டது. இவள் படகு சாய்ந்து, தண்ணீர் ஏறி, திரை கறுத்துப்போனது.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"காவல் காக்கிறான் அக்கா. என்ர துறைய யாரும் கொள்ளையடிச்சிடக் கூடாது எண்டு காவல் நிக்கிறான். நான் திரும்பி வருவன் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிறான்."

அவளால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அவன் யாருக்காகக் காத்து நிற்கிறானோ அவளையே சுட்டு விரட்டுகிறான். இந்த மாதிரி ஒரு கொடுமையை எவனும் யோசித்துச் செய்திருக்க மாட்டான். யோசிக்காமலே செய்துவைத்திருக்கிறார்கள்.

அவனுக்கு அடையாளம் தெரியட்டும் என்று, பழகிய மாதிரி படகை ஆட்டிப் பார்த்தாள், பாயை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்கிற ஓட்டைப் படகில் எதைக் காட்டுவது? இவள் தள்ளாடினால் அவன் இன்னும் வேகமாக வந்தான். இதற்கு நடுவில் பழைய கணக்கின் மெயிலுக்கு ஹென்றியிடமிருந்து ஒரு அறிவிப்பு. நீண்ட நாள் உள்ளே வராத கணக்குகளின் துறைகள் இந்த சீசன் முடிவில் அழிக்கப்படுமாம். உள்ளே விடாதவனும் அவன்தான், வரவில்லை என்று அழிக்கிறவனும் அவன்தான்! துறை போய்விட்டால் ஜீவிதனுக்கு அங்கே காக்க ஒன்றும் இல்லை. அவன் எந்தக் கடலுக்குப் போவான், யார் சொல்வது?

அவள் அந்த மெயிலைப் படித்தாள், மூடினாள், வந்திருந்தவருக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்தாள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல மூலைக்குப் போனாள். தினமும் போகிறாள். தினமும் அவன் வந்து சுடுகிறான். மூழ்கியதும் இன்னொரு ஓட்டைப் படகு எடுத்துக்கொண்டு மறுபடியும் போகிறாள்.

நேற்று என்னால் பொறுக்க முடியவில்லை. நீலப் படகு அவளைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தது. அவள் திருப்பவே இல்லை, நேராக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, கூறுகெட்டவளே! சுடப் போறான், தள்ளிப் போயேன்டி!" என்று கத்திவிட்டேன்.

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தள்ளிப் போனா அவன் திரும்பிப் போயிடுவான் அக்கா" என்றாள். "கிட்ட வரட்டும்."